எடை அறிந்து ஏந்திய மட்டை
(பில் பான்ஸ்போர்டின் வாழ்க்கை)

பொருள்களின் எடையைத் தராசு சொல்லிவிடும். மனிதர்களின் எடையைக் காலந்தான் சொல்ல வேண்டும். சில வேளைகளில் காலமும் அவசரப்பட்டுத் தவறான கணக்கைச் சொல்லிவிடுவதுண்டு. பிறகு நெடுநாள் சென்றபின் தன் தவற்றைத் தானே திருத்திக்கொள்ளும்.

கிரிக்கெட் உலகில் ஒருவர் இருந்தார். அவர் கையில் ஏந்திய மட்டையின் எடை எத்தனை பவுண்டு, எத்தனை அவுன்சு என்பது அந்நாளில் ஊரறிந்த செய்தி. ஆனால் அம்மட்டையை ஏந்திய மனிதரின் எடையை அவர் காலத்தவர் பலமுறை குறைத்தே மதிப்பிட்டனர். அவர்தாம் ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற தொடக்க ஆட்டக்காரர் வில்லியம் ஹெரால்டு பான்ஸ்போர்டு. டொனால்டு பிராட்மனின் பெயரை அறியாத மாணவர் நம்மிடையே இலர். ஆனால் பிராட்மனுக்கு முன்னரே ஓட்டங்களை மலைபோல் குவித்துக் காட்டியவர் பான்ஸ்போர்டு என்பதை அறிந்தவர் சிலரே. அவர் வாழ்க்கையை அறிவதோடு, ஒரு மட்டையின் எடையை எவ்வாறு அறிவது என்பதையும் இக்கட்டுரையில் சேர்த்தே காண்போம். ஏனெனில் அவர் கதையை அவர் மட்டையிலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது.

இளமைக் காலம்

பான்ஸ்போர்டு 1900ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19ஆம் நாள் மெல்போர்ன் நகரின் வட ஃபிட்ஸ்ராய் பகுதியில் பிறந்தார். தந்தையார் ஓர் அஞ்சல்காரர். செல்வக் குடும்பம் அன்று. வறுமைக் குடும்பமும் அன்று. அக்காலத்து எளிய குடும்பத்துச் சிறுவர்களைப் போலவே அவரும் பள்ளிப் படிப்பை விரைவில் முடித்துக்கொண்டு, ஒரு சேமிப்பு வங்கியில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தார். மாலை வேளைகளும் சனிக்கிழமைகளும் விளையாட்டுக்கே உரியன. முதலில் ஃபிட்ஸ்ராய் சங்கத்திற்கும், பின்னர் செயிண்ட் கில்டா சங்கத்திற்கும் ஆடினார்.

கிரிக்கெட்டோடு பேஸ்பால் ஆட்டத்திலும் அவர் வல்லவர். அதில் பந்தடிப்பவருக்குப் பின்னே அமர்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் பொறுப்பை ஏற்று ஆடினார். வேகமாய் வரும் பந்தை இறுதி நொடிவரை கண் விலகாமல் பார்க்கும் பழக்கம் அவ்வாட்டத்தாலும் அவருக்கு வலுப்பெற்றிருக்கும் எனலாம்.

உருவத்தில் அவர் உயர்ந்தவர் அல்லர், கட்டுக்குட்டான உடல், அகன்ற தோள்கள். ஆடுகளத்தில் இறங்கும்போது தொப்பி ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருக்கும். சற்றே குனிந்து நின்று பந்தை எதிர்கொள்வார். பேச்சு மிகக் குறைவு. கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கும் இயல்பு. இந்தக் கூச்சமும் அந்தப் பெரிய மட்டையும் எப்படி ஒரே மனிதரிடம் பொருந்தின என்று நண்பர்கள் வியந்திருக்கக் கூடும்.

பெரிய மட்டை

அக்காலத்துப் பெரும் ஆட்டக்காரர்கள் பலர் 2 பவுண்டு 2 அவுன்சு முதல் 2 பவுண்டு 4 அவுன்சு வரை எடையுள்ள மட்டைகளையே விரும்பினர். நம் பழைய வழக்கில் சொன்னால் இரண்டு ராத்தலுக்குச் சற்று மேல். பான்ஸ்போர்டின் மட்டையோ 2 பவுண்டு 10 அவுன்சு. முதல் உலகப் போரில் ஜெர்மானியர் பயன்படுத்திய பெரும் பீரங்கிக்குப் பிக் பெர்த்தா என்று பெயர் வழங்கிற்று. அந்தப் பெயரையே பான்ஸ்போர்டின் மட்டைக்கும் சூட்டிவிட்டனர்.

6 அல்லது 8 அவுன்சு கூடுதல் என்பது கேட்பதற்குச் சிறிதாகவே தோன்றும். ஆனால் ஒரு கிரிக்கெட் பந்தின் எடையே 5½ அவுன்சு முதல் 5¾ அவுன்சு வரைதான். மற்றவர் மட்டையோடு ஒரு பந்தையும் சேர்த்துக் கட்டித் தூக்குவதைப் போன்றது பான்ஸ்போர்டின் மட்டை என்று சொன்னால் அதன் பாரம் விளங்கும். அதை ஒரு பந்துக்குத் தூக்கினால் போதாது; பத்து மணி நேரம் தூக்கி நிற்க வேண்டும். அவர் அப்படியும் நின்றார்.

அம்மட்டையைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. மட்டையின் அகலம் 4¼ அங்குலத்திற்கு மேற்படக்கூடாது என்பது பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே வழங்கும் விதி. எதிரணியினர் ஐயுற்று ஒருமுறை பான்ஸ்போர்டின் மட்டையை அளந்து பார்த்தபோது, அது விதியைவிடச் சிறிது அகன்றிருந்ததாம். அவர் ஏமாற்றினார் என்று யாரும் கொள்ளவில்லை. ஓயாமல் பந்தை ஓங்கி அடித்ததில் மரமே விரிந்துவிட்டது என்று விளக்கம் கூறினர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மட்டையின் நீளத்திற்கு விதி உண்டு. அது 38 அங்குலத்தைத் தாண்டலாகாது. அகலத்திற்கு விதி உண்டு. 2017ஆம் ஆண்டு முதல் தடிமனுக்கும் விதி உண்டு. நடுவில் 67 மில்லிமீட்டர், ஓரத்தில் 40 மில்லிமீட்டர் என்பது எல்லை. ஆனால் எடைக்கு மட்டும் அன்றும் விதி இல்லை, இன்றும் இல்லை. எவ்வளவு பாரத்தைத் தூக்குவது என்பதை ஆட்டக்காரரின் தோளுக்கும் அறிவுக்குமே விட்டுவிட்டனர். ஆகவேதான் மட்டை வாங்குவோர் எடையை அறிந்து வாங்குவது இன்றியமையாததாகிறது.

எடை பார்க்கும் முறை

மட்டையின் எடையைப் பவுண்டு, அவுன்சு என்றே சொல்லும் வழக்கம் மெட்ரிக் முறை வந்த பின்னும் மறையவில்லை. ஒரு பவுண்டுக்கு 16 அவுன்சு. ஓர் அவுன்சு ஏறத்தாழ 28.35 கிராம். எனவே 2 பவுண்டு 2 அவுன்சு என்பது 964 கிராம். 2 பவுண்டு 8 அவுன்சு 1134 கிராம். பான்ஸ்போர்டின் 2 பவுண்டு 10 அவுன்சு 1191 கிராம்.

மட்டைக்கு எழுதும்போது பலர் இடறி விழும் இடம் ஒன்றுண்டு. விலைப்பட்டியல்களில் 2.10 என்று அச்சிட்டிருப்பார்கள். அது 2 பவுண்டு 10 அவுன்சு. தசமப் புள்ளி அன்று. அதைத் தசமமாகக் கொண்டு கணக்கிட்டால் 953 கிராம்தான் வரும். உண்மை எடைக்கும் இதற்கும் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த வேறுபாடு! அதுபோலவே, பவுண்டைத் தசமத்தில் காட்டும் மின் தராசில் பான்ஸ்போர்டின் மட்டையை வைத்தால் 2.625 என்று காட்டும். 2.1 என்பதும் 2.10 என்பதும் கணிதத்தில் ஒன்று. மட்டைக் கடையில் அவை ஒன்பது அவுன்சு வேறுபட்டவை. கிராமில் எழுதிக் கேட்டுவிட்டால் இந்தக் குழப்பமே எழாது.

அடுத்தது, எந்த நிலையில் எடை பார்த்தார்கள் என்பது. மட்டையின் பிடியில் ரப்பர் உறை ஏறுவதற்கு முன்பு ஓர் எடை. ஏறிய பின்பு ஓர் எடை. ஓர் உறை ஒன்றரை முதல் இரண்டு அவுன்சு வரை கூட்டிவிடும். சிலர் இரண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொள்வர். அடிப்பகுதியில் ஒட்டும் காப்பும், முகப்பில் ஒட்டும் மெல்லிய தாளும், பூசும் ஆளி விதை எண்ணெயும் தத்தம் பங்குக்கு எடையைக் கூட்டும். ஆகவே எடை கேட்கும்போது, உறையோடு சேர்த்தா, உறை இல்லாமலா என்று தெளிவாகக் கேட்டறிதல் வேண்டும்.

மரமும் உயிருள்ள பொருளைப் போன்றதே. வில்லோ மரத் துண்டுகள் இரண்டை ஒரே அளவில் செதுக்கினாலும் எடை ஒன்றாய் இராது. அடர்த்தி வேறுபடும், உள்ளிருக்கும் ஈரம் வேறுபடும். மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி எடை சற்று ஏறும். கோடையில் சற்று இறங்கும். ஆதலால் தேர்ந்த மட்டைத் தச்சர் ஒரே எண்ணாக எடையைச் சொல்வதில்லை. ஓர் அவுன்சோ இரண்டு அவுன்சோ இடைவெளி வைத்தே உறுதி கூறுவார். நாமும் அவ்வாறு ஓர் எல்லை வகுத்துக் கேட்பதே முறை.

இவை எல்லாம் தராசு காட்டும் எடை. கை காட்டும் எடை வேறொன்று. இரண்டு மட்டைகள் தராசில் சமமாய் நிற்கலாம். கையில் எடுத்தால் ஒன்று இலேசாகவும் மற்றொன்று பாரமாகவும் தோன்றும். காரணம், மரம் எங்கே திரண்டிருக்கிறது என்பதே. அடிப்பகுதியில் மரம் மிகுந்திருந்தால் ஈர்ப்பு மையம் கையைவிட்டு விலகிக் கீழே போய்விடும். இயற்பியல் மாணவர்கள் இதனை நிலைமத் திருப்புத்திறன் என்று படித்திருப்பார்கள். சுழற்றும்போது கை உணர்வது அதையே.

இதனையும் வீட்டிலேயே ஒருவாறு அளக்கலாம். பிடியின் நுனியை ஒரு மேசை விளிம்பில் தாங்கி, மட்டையின் அடிநுனியைச் சமையலறைத் தராசின்மேல் படுக்கை நிலையில் வைக்க வேண்டும். தராசு முழு எடையைக் காட்டாது. அடிப்பக்கத்துப் பங்கை மட்டுமே காட்டும். மொத்த எடையும் நீளமும் ஒன்றாயுள்ள இரண்டு மட்டைகளில் எதற்கு இந்தப் பங்கு மிகுதியோ அதுவே கைக்குப் பாரமாயிருக்கும். தராசு இல்லையெனில் இன்னோர் எளிய வழி: மேற்கையால் மட்டும் பிடித்து, பந்தை எதிர்கொள்வது போல் பலமுறை தூக்கிப் பார்ப்பது. சிலமுறை தூக்கியதும் மணிக்கட்டு தளர்ந்தால் அந்த மட்டை நமக்குரியது அன்று.

பாரமான மட்டையை அதே வேகத்தில் சுழற்ற முடிந்தால் பந்துக்கு மிகுந்த உந்தம் கிடைக்கும். ஆனால் அதே வேகத்தில் சுழற்றுவதுதான் அரிது. கை தாமதித்தால் கூடுதல் எடையால் பயனில்லை. பான்ஸ்போர்டு இந்தச் சிக்கலைக் கால்களால் தீர்த்தார். பந்து எங்கே விழும் என்பதை விரைந்து அறிந்து, கால்களை நகர்த்தி, பந்தின் அருகே முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுவார். அதன் பிறகு கை அவசரப்பட வேண்டியதில்லை. சுழற்பந்து வீச்சாளர்களை அவர் எளிதில் ஆண்டதும், பந்தைப் பெரும்பாலும் தரையோடு ஓட்டியதும் இதனால்தான். அவருடைய குறையும் அதே கால்களில்தான் இருந்தது. சில வேளைகளில் அளவுக்கு மீறி வலப்புறம் நகர்ந்துவிடுவார். அப்போது கால்பக்க ஸ்டம்பு காவலின்றி நிற்கும்.

மலைபோல் குவிந்த ஓட்டங்கள்

1921இல் விக்டோரியா மாநில அணிக்காக முதன்முதலில் ஆடினார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1923 பிப்ரவரியில் டாஸ்மேனியாவுக்கு எதிராக மெல்போர்னில் 429 ஓட்டங்கள் எடுத்தார். இங்கிலாந்தின் ஆர்ச்சி மக்லாரன் 1895இல் எடுத்த 424 ஓட்டங்களே அதுவரை முதல்தர ஆட்டங்களில் உச்சம். இருபத்திரண்டு வயது வங்கி எழுத்தர் ஒருவர் அதைத் தாண்டிவிட்டார். அந்த ஆட்டம் முதல்தர ஆட்டந்தானா என்ற வாதத்தை மக்லாரன் கிளப்பினார். டாஸ்மேனியா வலுவற்ற அணி என்பது உண்மையே. எனினும் சாதனை நிலைத்தது. பான்ஸ்போர்டின் எடையைக் குறைத்துச் சொல்லும் முயற்சி அன்றே தொடங்கிவிட்டது.

இதற்கு அவர் வாயால் விடை சொல்லவில்லை. 1926 டிசம்பரில் நியூ சௌத் வேல்ஸ் அணிக்கு எதிராக விக்டோரியா 1107 ஓட்டங்கள் குவித்தது. முதல்தர ஆட்டங்களில் இன்றளவும் அதுவே ஓர் அணியின் மிகப் பெரிய எண்ணிக்கை. அதில் பான்ஸ்போர்டின் பங்கு 352. தம் மட்டையில் பட்ட பந்தே ஸ்டம்பில் போய் விழ ஆட்டமிழந்தார். அத்தனை ஓட்டங்கள் எடுத்த பின்பும், தமக்கு நல்வாய்ப்பு இல்லையே என்று அவர் வருந்தினார் எனக் கூறுவர்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் குயின்ஸ்லாந்துக்கு எதிராக 437 ஓட்டங்கள். தம் சாதனையைத் தாமே முறியடித்தார். களத்தில் நின்ற நேரம் 621 நிமிடங்கள். அதைத் தொடர்ந்து நியூ சௌத் வேல்ஸுடன் 202, 38. பின்னர் தென் ஆஸ்திரேலியாவுடன் 336. நான்கு இன்னிங்ஸ்களில் 1013 ஓட்டங்கள்! முதல்தர ஆட்டங்களில் 400 அல்லது அதற்கு மேல் இருமுறை எடுத்தவர்கள் உலகில் இருவர் மட்டுமே. ஒருவர் பான்ஸ்போர்டு, மற்றவர் மேற்கிந்தியத் தீவுகளின் பிரையன் லாரா.

அக்காலத்து ஆஸ்திரேலிய மாநில ஆட்டங்களுக்கு நாள் வரையறை இல்லை. முடிவு தெரியும்வரை ஆட்டம் நடக்கும். ஆகவே நீண்ட நேரம் நின்று ஆடுவோருக்கு வாய்ப்பு மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே வாய்ப்பு அனைவருக்கும் இருந்தது. அதை முழுதும் பயன்படுத்தும் மனவலிமை சிலருக்கே இருந்தது.

விக்டோரியாவிற்கும் நாட்டிற்கும் அவரோடு தொடக்கத்தில் இறங்கியவர் பில் உட்ஃபுல். இருவர் பெயரும் பில். ஒருவர் பள்ளி ஆசிரியர். மற்றவர் வங்கி எழுத்தர். இருவருமே அடக்கமானவர்கள். இருவரையும் பிரிப்பது எதிரணிகளுக்குப் பெரும்பாடாக இருந்தது. இங்கிலாந்தின் பிளாக்பூல் சங்கம் ஒருமுறை நல்ல ஊதியம் தந்து பான்ஸ்போர்டை அழைத்துக்கொள்ள முயன்றது. மெல்போர்னின் ஹெரால்டு பத்திரிகை அவருக்கு வேலை கொடுத்துத் தாய்நாட்டிலேயே நிறுத்திக்கொண்டது.

வேகத்தின் சோதனை

1924 டிசம்பரில் சிட்னியில் இங்கிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கினார். மாரிஸ் டேட் வீசிய பந்துகள் காற்றில் வளைந்து வந்தன. புதிய ஆட்டக்காரரான பான்ஸ்போர்டு தடுமாறினார். மறுமுனையில் நின்ற அணித் தலைவர் ஹெர்பி காலின்ஸ் நிலைமையை உணர்ந்து, டேட்டின் பந்துகளைப் பெரும்பாலும் தாமே ஏற்றுக்கொண்டார். அந்த நிழலில் மூச்சு வாங்கி நிலைகொண்ட பான்ஸ்போர்டு 110 ஓட்டங்கள் எடுத்தார். அடுத்த டெஸ்டில் 128. முதல் இரண்டு டெஸ்டுகளிலும் சதம் அடித்த முதல் மனிதர் அவரே. மூத்தவர் ஒருவர் தக்க நேரத்தில் தரும் துணை இளையவர் ஒருவரின் வாழ்வையே மாற்றிவிடும் என்பதற்கு இந்நிகழ்ச்சியைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆனால் சோதனை வேறு உருவில் வந்தது. அதன் பெயர் ஹெரால்டு லார்வுட். 1928-29 தொடரில் லார்வுட் வீசிய பந்து பான்ஸ்போர்டின் கை எலும்பை முறித்தது. அத்தொடரின் எஞ்சிய ஆட்டங்களில் அவர் ஆட இயலவில்லை. பாரமான மட்டையோடு அதிவேகப் பந்தை எதிர்கொள்ள அவரால் முடியாது என்ற பேச்சு அன்று முதல் ஓயாது ஒலித்தது. அதே வேளையில் பிராட்மன் என்னும் புதிய ஞாயிறு எழுந்தது. 1930 ஜனவரியில் பிராட்மன் ஆட்டமிழக்காமல் 452 ஓட்டங்கள் எடுத்துப் பான்ஸ்போர்டின் 437ஐத் தாண்டினார். நேற்றுவரை உச்சியில் இருந்தவர் ஒரே நாளில் இரண்டாம் இடத்துக்கு வந்தார். பான்ஸ்போர்டு அழுக்காறு கொண்டதாகத் தெரியவில்லை. அந்த ஆண்டே இங்கிலாந்துக்குச் சென்று ஓவல் டெஸ்டில் 110 எடுத்தார். மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான அடுத்த தொடரில் 183, 109 என்று இரு சதங்கள் அடித்தார்.

1932-33ஆம் ஆண்டின் பாடிலைன் தொடர் கிரிக்கெட் வரலாற்றில் ஒரு கரும்புள்ளி. டக்ளஸ் ஜார்டின் வகுத்த திட்டப்படி, லார்வுட்டும் மற்றவர்களும் ஆட்டக்காரரின் உடலை நோக்கிப் பந்து வீசினர். கால்பக்கத்தில் கேட்ச் பிடிக்க ஆட்களை நிரப்பினர். தலைக்கவசம் இல்லாத காலம் அது. முதல் டெஸ்டுக்குப் பின் பான்ஸ்போர்டை அணியிலிருந்து நீக்கினர். மூன்றாம் டெஸ்டு அடிலெய்டில். மீண்டும் அழைத்தனர். நண்பர் உட்ஃபுல்லின் மார்பில் பந்து தாக்கிய ஆட்டம் அது. 51 ஓட்டங்களுக்குள் 4 விக்கெட்டுகள் விழுந்திருந்த வேளையில் பான்ஸ்போர்டு களத்தில் நின்றார்.

அவர் கண்ட வழி வியப்பானது. எழும்பி வரும் பந்தை மட்டையால் தொட்டால் கால்பக்கத்து ஆட்கள் பிடித்துவிடுவர். எனவே மட்டையைத் தாழ்த்திக்கொண்டு, திரும்பி நின்று, முதுகிலும் தோளிலும் பந்தை வாங்கிக்கொண்டார். அடி மேல் அடி. உடல் கன்றியது. இப்படியே நின்று 85 ஓட்டங்கள் எடுத்தார். அடுத்த டெஸ்டில் எண்ணிக்கை குறைந்தது, மீண்டும் நீக்கினர். வேகத்தைக் கண்டு அஞ்சுபவர் என்று அவரைச் சொன்னவர்கள் அந்த 85 ஓட்டங்களைத் தராசில் வைக்க மறந்துவிட்டனர்.

இரண்டு பெருங்கூட்டணிகள்

1934இல் மீண்டும் இங்கிலாந்துப் பயணம். லீட்ஸ் நகரில் நான்காம் டெஸ்டு. 39 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகள் சரிந்தன. பான்ஸ்போர்டும் பிராட்மனும் சேர்ந்தனர். நான்காம் விக்கெட்டுக்கு 388 ஓட்டங்கள். பான்ஸ்போர்டு 181, பிராட்மன் 304. அடுத்தது ஓவல் மைதானம். தொடரின் வெற்றி யாருக்கு என்று தீர்மானிக்கும் ஆட்டம். இரண்டாம் விக்கெட்டுக்கு இருவரும் 451 ஓட்டங்கள் சேர்த்தனர். எடுத்துக்கொண்ட நேரம் 316 நிமிடங்கள் மட்டுமே. பிராட்மன் 244, பான்ஸ்போர்டு 266. ஆஸ்திரேலியா 562 ஓட்டங்கள் வேறுபாட்டில் வென்று ஆஷஸ் கோப்பையை மீட்டது.

அந்த 451 ஓட்டக் கூட்டணி டெஸ்ட் உலகில் எந்த விக்கெட்டுக்கும் முறியடிக்கப்படாத உச்சமாக 1991 வரை நின்றது. 1983இல் பாகிஸ்தானின் முதசர் நாசரும் ஜாவெத் மியாந்தாதும் அதைச் சமன் செய்தனர். இரண்டாம் விக்கெட்டுக்குரிய சாதனை 1997இல் இலங்கையின் ஜெயசூரியாவும் மகாநாமாவும் 576 ஓட்டங்கள் சேர்த்தபோதே வீழ்ந்தது.

ஒரு சுவையான செய்தி: லீட்ஸிலும் ஓவலிலும் அந்தப் பெருங்கூட்டணிகள் அமைந்த இன்னிங்ஸ்களில் பான்ஸ்போர்டை எந்தப் பந்து வீச்சாளரும் நேரடியாக வீழ்த்தவில்லை. இரண்டு முறையும் அவர் தம் விக்கெட்டில் தாமே இடித்து ஆட்டமிழந்தார். எதிரிகளால் அசைக்க முடியாதவரை அவரேதான் அசைக்க வேண்டியிருந்தது!

அந்தத் தொடரில் அவர் எடுத்தவை 569 ஓட்டங்கள்; சராசரி 94.83. புகழின் உச்சி அது. அந்த உச்சியில் நின்றபோதே அவர் விலகினார். 1934 நவம்பரில் மெல்போர்னில் உட்ஃபுல்லுக்கும் அவருக்கும் சேர்த்து நடத்திய பாராட்டு ஆட்டத்தில் 83 ஓட்டங்கள் எடுத்தார். அத்தோடு பெரிய ஆட்டங்களுக்கு விடை கொடுத்துவிட்டார். வயது 34 மட்டுமே. பாடிலைன் தொடருக்குப் பின் ஆட்டம் பழைய இன்பத்தைத் தரவில்லை என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. 29 டெஸ்டுகளில் 2122 ஓட்டங்கள், சராசரி 48.22, சதங்கள் 7. முதல்தர ஆட்டங்கள் அனைத்திலுமாக 13,819 ஓட்டங்கள், சராசரி 65.18, சதங்கள் 47.

ஒதுங்கிய வாழ்வு

1932இலேயே மெல்போர்ன் கிரிக்கெட் சங்கத்தின் அலுவலகத்தில் பணிக்குச் சேர்ந்திருந்தார். 1969இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே உழைத்தார். தாம் 429, 437, 352 என்று ஓட்டங்களைக் குவித்த அதே மைதானத்தின் ஓர் அறையில், கோப்புகளோடு அமைதியாக ஆண்டுகளைக் கழித்தார். தம் சாதனைகளைத் தாமே பேசித் திரிபவர் அல்லர். 1924இல் மணந்த துணைவியார் வேராவும் இரண்டு புதல்வர்களும் அடங்கிய சிறிய குடும்பமே அவர் உலகம்.

இரண்டாம் உலகப் போரின்போது விமானப் படையில் சேர முன்வந்தார். மருத்துவச் சோதனையில் ஒரு வியப்பு வெளிப்பட்டது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் ஆற்றல் அவர் கண்களுக்குக் குறைவு! பச்சைப் புல்லின்மேல் ஓடிவரும் சிவப்புப் பந்தை அடித்தே ஆயிரமாயிரம் ஓட்டங்கள் எடுத்தவர் அவர். பந்தின் நிறத்தை அவர் கருதியதே இல்லை. அதன் உருவத்தை மட்டுமே பார்த்தார். குறை ஒன்று இருப்பதையே அறியாமல் அதனை வென்றுவிட்டார் எனலாம்.

1982இல் பிரித்தானிய அரசின் எம்.பி.இ. விருது அவருக்குக் கிடைத்தது. 1986இல் மெல்போர்ன் மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் அரங்கிற்கு அவர் பெயரைச் சூட்டினர். 1991 ஏப்ரல் 6ஆம் நாள், விக்டோரியா மாநிலத்தின் கைனெட்டன் என்னும் ஊரில், 90ஆம் வயதில் இயற்கை எய்தினார். அப்போது உயிரோடிருந்த ஆஸ்திரேலிய டெஸ்ட் ஆட்டக்காரர்களில் அவரே மூத்தவர். 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியா தன் நூற்றாண்டின் சிறந்த அணியைத் தேர்ந்தெடுத்தபோது தொடக்க ஆட்டக்காரர்களுள் ஒருவராகப் பான்ஸ்போர்டின் பெயரைச் சேர்த்தது. காலம் தன் பழைய கணக்கைத் திருத்திக்கொண்டது.

நாம் கொள்ளத்தக்கது

அன்று பீரங்கியின் பெயரைப் பெற்ற அந்த 2 பவுண்டு 10 அவுன்சு எடை இன்று சாதாரண எடையாகிவிட்டது. நன்கு உலர்ந்த இலேசான மரம் இன்று கிடைக்கிறது. அதனால் அதே எடையில் தடித்த மட்டையைச் செய்ய முடிகிறது. பெரிய ஆட்டக்காரர்கள் சிலர் 3 பவுண்டு மட்டையையும் ஏந்தியிருக்கிறார்கள். அதைக் கேள்வியுற்ற இளைஞர்கள் தாமும் அப்படியே கேட்டு வாங்கி, கட்டை விரல் வலிக்க, தோள் தளர, பந்து கடந்து சென்ற பின் மட்டையைச் சுழற்றுவதை எந்த மைதானத்திலும் காணலாம்.

பான்ஸ்போர்டிடமிருந்து நாம் கற்க வேண்டியது பாரமான மட்டையை வாங்குவது அன்று. தம் தோளின் வலிமையையும் கால்களின் விரைவையும் அறிந்து, அவற்றுக்கு ஏற்ற எடையை அவர் தேர்ந்தார். ஊர் கேலி செய்தபோதும் மாற்றவில்லை. கை எலும்பு முறிந்தபோதும் மாற்றவில்லை. வேறு ஒருவர் இலேசான மட்டையால் தம்மை விஞ்சியபோதும், அவரோடு ஒரே களத்தில் நின்று தம் மட்டையாலேயே 451 ஓட்டங்களில் பங்குகொண்டார்.

படிப்பிலும் தொழிலிலும் நாம் ஒவ்வொருவரும் ஒரு பாரத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் போகிறோம். பிறர் தூக்குகிறார் என்பதற்காக நம் ஆற்றலுக்கு மீறியதைத் தூக்க வேண்டா. பிறர் நகைப்பார் என்பதற்காக நம்மால் இயன்றதைக் கீழே வைக்கவும் வேண்டா. தராசில் ஒருமுறையும் கையில் பலமுறையும் தூக்கிப் பார்த்துத் தேர்வோம். தேர்ந்தபின், ஆட்டம் முடியும்வரை கீழே வைக்காதிருப்போம்.